இன்சுலினுக்கு நாய்கள் தேவைப்பட்டன, ஆனால் எத்தனை?

காலையில் 20 யூனிட், இரவில் 12 யூனிட் என்று இன்சுலின் போட்டுக்கொள்வோர் கணக்குச் சொல்வார்கள். அந்த யூனிட் முதலில் ஒரு முயலின் உடலில் அளக்கப்பட்டது. 1922இல் டொராண்டோவில் மருந்தின் வீரியத்தை அளக்க வேறு வழி இல்லை. இரண்டு கிலோ எடையுள்ள முயலைப் பட்டினி போட்டு ஊசி போட்டார்கள். அதன் ரத்தச் சர்க்கரையைச் சுமார் நான்கு மணி நேரத்தில் 100 மி.லி.க்கு 45 மி.கி. என்ற அளவுக்கு இறக்கும் மருந்தை ஒரு யூனிட் என்று வைத்தார்கள். சர்க்கரை அவ்வளவு இறங்கினால் முயலுக்கு வலிப்பு வரும். மனிதர்களுக்கு அந்த அளவு அதிகம் என்று தெரிந்ததும், அதில் மூன்றில் ஒரு பங்கை யூனிட் ஆக்கினார்கள். பிறகு சர்வதேசத் தரம் வந்தது, அளக்கும் முறை மாறியது. யூனிட் என்ற கணக்கு மட்டும் நூறாண்டு கடந்தும் நிற்கிறது.

இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக, சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை முன்னின்று நடத்திய ஐசிஎம்ஆர் ஆய்வு 2023இல் தெரிவித்தது. அவர்களில் ஊசி போடுகிறவர்களும் மாத்திரை விழுங்குகிறவர்களும், ஏதோ ஒரு விலங்கின் உடலில் கண்டறியப்பட்ட உண்மையின் பயனை அனுபவிக்கிறார்கள். இதைப் பற்றிப் பொதுவெளியில் அதிகம் பேசுவதில்லை. பேச்சு எழும்போதும் இரண்டு குரல்களே உரக்கக் கேட்கின்றன. விலங்குகளை வதைத்ததால் மருத்துவத்துக்கு ஒரு பயனும் விளைந்ததில்லை என்கிறது ஒன்று. விலங்குகள் இல்லாமல் மருந்தே இல்லை, ஆகவே ஆய்வகத்தைக் கேள்வி கேட்காதீர்கள் என்கிறது மற்றொன்று.

இன்சுலின் கண்டுபிடிப்பின் வரலாறு இரண்டையும் மறுக்கிறது. நாய்கள் இல்லாமல் அந்த மருந்து அன்று கிடைத்திருக்காது. ஆனால், அதற்காக இறந்த அத்தனை நாய்களும் இறந்திருக்க வேண்டியதில்லை. விலங்குச் சோதனை பற்றிய இன்றைய கொள்கை இந்த இரண்டு உண்மைகளையும் ஒருசேர ஏற்றுக்கொண்டு உருவாக வேண்டும்.

கணையத்தில் ஒளிந்திருந்த விடை

அப்போது ஜெர்மனியின் வசமிருந்த ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் 1889இல் ஜோசப் வான் மெரிங், ஆஸ்கர் மின்கோவ்ஸ்கி என்ற இரண்டு மருத்துவர்கள் ஒரு நாயின் கணையத்தை முழுமையாக அகற்றினார்கள். கொழுப்பு செரிப்பதில் கணையத்தின் பங்கு என்ன என்பதே அவர்களின் கேள்வி. நாய் பிழைத்தது. ஆனால் ஓயாமல் சிறுநீர் கழித்தது. மின்கோவ்ஸ்கி சிறுநீரைச் சோதித்தபோது அதில் சர்க்கரை நிறைந்திருந்தது. நீரிழிவு கணையத்தில் தொடங்குகிறது என்று உலகம் அறிந்துகொண்டது அந்த நாயால்தான்.

மின்கோவ்ஸ்கி அத்துடன் நிறுத்தவில்லை. கணையத்தின் ஒரு துண்டை நாயின் தோலுக்கு அடியில் ஒட்டிவைத்துவிட்டு மீதியை அகற்றினால் நோய் வரவில்லை. அந்தத் துண்டையும் எடுத்தால் வந்தது. கணையம் ரத்தத்தில் எதையோ கலக்கிறது என்பது உறுதியானது. அது கணையத்தில் திட்டுத் திட்டாகச் சிதறிக் கிடக்கும் செல் கூட்டங்களிலிருந்து வருகிறது என்ற கருத்து அடுத்த சில ஆண்டுகளில் வலுப்பெற்றது. பெர்லின் மாணவர் பால் லாங்கர்ஹான்ஸ் 1869இலேயே நுண்ணோக்கியில் கண்டு விவரித்த திட்டுகள் அவை.

அந்தப் பொருளைப் பிரித்தெடுப்பதற்குள் முப்பதாண்டுகள் ஓடின. இடைப்பட்ட காலத்தில் சர்க்கரை நோய் கண்ட குழந்தைகள் ஓரிரு ஆண்டுகளில் இறந்தார்கள். நியூயார்க்கில் ஃபிரடெரிக் ஆலன் வகுத்த பட்டினிச் சிகிச்சை மட்டுமே அவர்களின் நாட்களைச் சற்று நீட்டித்தது. எலும்பும் தோலுமாக, எடை பார்த்துக் கொடுக்கப்பட்ட காய்கறியைத் தின்று, பசியோடு உயிரைப் பிடித்துவைப்பதே அன்றைய சிகிச்சை. அந்தக் குழந்தைகளின் பெற்றோரிடம் சென்று நாய்களின் வலி பற்றி மட்டும் பேசுவது எவருக்கும் எளிதாக இருந்திருக்காது.

டொராண்டோவின் கோடைக்காலம்

கனடாவின் லண்டன் நகரில் நோயாளிகள் அதிகம் வராத ஓர் அறுவை மருத்துவராக இருந்தவர் ஃபிரடெரிக் பான்டிங். 1920 அக்டோபர் 31 அதிகாலையில் அவர் ஒரு யோசனையைக் குறிப்பேட்டில் எழுதினார். கணையத்தில் செரிமானச் சாறும் சுரக்கிறது. கணையத்தை அரைத்துச் சாறு எடுக்கும்போது அந்தச் செரிமானச் சாறுதான் மருந்துப் பொருளைச் சிதைத்துவிடுகிறது என்று அவர் கருதினார். ஆகவே நாயின் கணைய நாளத்தைக் கட்டிவிட வேண்டும். சில வாரங்களில் செரிமானச் செல்கள் நசித்துப்போகும், திட்டுகள் மட்டும் மிஞ்சும். அதிலிருந்து சாறு எடுக்கலாம். இதுவே திட்டம்.

டொராண்டோ பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜே.ஜே.ஆர். மெக்லியட் தயங்கியபடியே ஓர் ஆய்வறையையும் பத்து நாய்களையும் கொடுத்தார். சார்லஸ் பெஸ்ட் என்ற இளம் பட்டதாரி உதவிக்கு வந்தார். 1921 மே 17 அன்று வேலை தொடங்கியது. இரண்டு வாரங்களுக்குள் பத்தில் ஏழு நாய்கள் இறந்துபோயின. கோடை வெயில், தொற்று, ரத்தக் கசிவு, கைப்பழக்கமின்மை எல்லாம் சேர்ந்துகொண்டன. நாய்கள் தீர்ந்ததும் தெருவில் கொண்டுவந்து விற்பவர்களிடம் ஓரிரு டாலர் கொடுத்து வாங்கினார்கள். எங்கிருந்து பிடித்தாய் என்று கேட்கவில்லை.

ஜூலை 30 அன்று கணையம் நீக்கப்பட்ட 410ஆம் எண் நாய்க்குச் சாறு செலுத்தினார்கள். ரத்தச் சர்க்கரை ஒரு மணி நேரத்தில் 200இலிருந்து 120 ஆக இறங்கியது. மறுநாள் அந்த நாய் இறந்தது. ஆனால் யோசனைக்கு உயிர் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. ஆகஸ்டில் 92ஆம் எண் கொண்ட ஒரு கோலி இன நாய் சாற்றின் உதவியால் இருபது நாள் உயிரோடு இருந்தது. பான்டிங்கைப் பார்த்தால் துள்ளிவரும். அது இறந்தபோது தனக்கு அழுகை வந்ததையும் அதைப் பிறரிடமிருந்து மறைத்துக்கொண்டதையும் அவர் பின்னாளில் எழுதினார். 33ஆம் எண் நாய்க்கு மார்ஜோரி என்று பெயர். அது சுமார் எழுபது நாள் வாழ்ந்தது.

அந்த ஆண்டின் இறுதியில் ஜேம்ஸ் காலிப் என்ற உயிர்வேதியியலாளர் குழுவில் சேர்ந்தார். அவர் செய்த முதல் நல்ல காரியம், நாயிடமிருந்து முயலுக்கு மாறியது. சாற்றின் வீரியத்தைச் சோதிக்கக் கணையம் நீக்கிய நாய் தேவையில்லை, ஆரோக்கியமான முயலின் சர்க்கரை இறங்குகிறதா என்று பார்த்தாலே போதும் என்று காட்டினார். ஒரு பெரிய அறுவை சிகிச்சையும் அதன் வேதனையும் ஓர் ஊசியாகவும் ரத்தச் சொட்டாகவும் குறைந்தன. அந்த முயல்கள் இன்னொன்றையும் சொல்லிக்கொடுத்தன. மருந்து மிகுந்தால் அவை வலிப்பு வந்து சுருண்டன. குளுக்கோஸ் கொடுத்தால் எழுந்தன. சர்க்கரை தாழ்ந்தால் உடனே இனிப்பு கொடுக்க வேண்டும் என்ற பாடம், முதல் நோயாளிகளின் படுக்கையருகே மருத்துவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது அதனால்தான்.

1922 ஜனவரி 11 அன்று டொராண்டோ பொது மருத்துவமனையில் 14 வயது லியோனார்ட் தாம்சனுக்கு முதல் ஊசி போடப்பட்டது. சாற்றில் தூய்மை போதவில்லை; ஊசி போட்ட இடத்தில் சீழ்க்கட்டி வந்தது. காலிப் இரவு பகலாக உழைத்துச் சுத்திகரித்த மருந்து ஜனவரி 23 அன்று செலுத்தப்பட்டபோது சிறுவனின் ரத்தச் சர்க்கரை 520இலிருந்து 120 ஆக இறங்கியது. அவன் மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான். அமெரிக்க வெளியுறவு அமைச்சர் சார்லஸ் எவன்ஸ் ஹியூஸின் மகள் எலிசபெத், அந்த ஆகஸ்டில் பான்டிங்கிடம் வந்தபோது சுமார் 20 கிலோதான் இருந்தாள். அவள் மணம் முடித்து, மூன்று குழந்தைகளைப் பெற்று, 1981 வரை வாழ்ந்தாள். மார்ஜோரியின் எழுபது நாட்களையும் எலிசபெத்தின் ஐம்பத்தெட்டு ஆண்டுகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும் எவரும், அந்தச் சோதனைகள் வீண் என்று சொல்ல முடியாது.

தேவையற்றுப்போன அறுவை

ஆனால் கதையின் மறுபாதியையும் சொல்லியாக வேண்டும். பான்டிங் அத்தனை நாய்களின் கணைய நாளத்தைக் கட்டியதற்குக் காரணமாக இருந்த ஊகம் தவறு.

1921 நவம்பரில் பான்டிங்குக்கு வேறொரு வழி தோன்றியது. இறைச்சிக்கூடத்தில் சினை மாடுகளின் வயிற்றிலிருந்து கிடைக்கும் கருக்கன்றின் கணையத்தில் செரிமானச் சாறு அநேகமாக இருக்காது; அதிலிருந்து மருந்தெடுக்கலாம். எடுத்துப் பார்த்தார்கள், கிடைத்தது. அடுத்த சில வாரங்களில், வளர்ந்த மாட்டின் முழுக் கணையத்தையே சாராயத்தில் ஊறவைத்துப் பிரித்தாலும் மருந்து கிடைத்தது. ஏற்கெனவே உணவுக்காக வெட்டப்பட்ட மாட்டின் உறுப்பு அது. நாளம் கட்டும் அறுவை தேவையே இல்லை.

1922 டிசம்பரில் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த உடலியங்கியலாளர் ஃப்ராங்கன் ராபர்ட்ஸ் இதை பிரிட்டிஷ் மருத்துவ இதழில் கடுமையாகச் சுட்டிக்காட்டினார். கணையத்தில் புரதத்தைச் செரிக்கும் நொதி செயலற்ற வடிவில்தான் இருக்கிறது, குடலுக்குள் போன பிறகே விழித்துக்கொள்கிறது. உடலியங்கியலில் இது ஏற்கெனவே அறியப்பட்ட செய்தி. அதைக் கருதியிருந்தால் நாளத்தைக் கட்டும் எண்ணமே எழுந்திருக்காது என்பது அவர் வாதம். கண்டுபிடிப்பாளர்கள் தவறாகத் தொடங்கி, தவறாகச் செய்து, தற்செயலாகச் சரியான இடத்துக்கு வந்துசேர்ந்தார்கள் என்ற பொருளில் அவர் எழுதினார்.

முன்னோடிகளும் இருந்தார்கள். பெர்லினில் ஜார்ஜ் சூல்ஸர் முதல் உலகப் போருக்கு முன்பே கணையச் சாற்றை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்திருந்தார். ருமேனியாவின் புகாரெஸ்டில் நிகோலாய் பவுலெஸ்கு நாய்களில் கணையச் சாறு சர்க்கரையை இறக்குவதை விரிவாகக் காட்டி, 1921இலேயே பிரெஞ்சில் வெளியிட்டிருந்தார். ஒரே கேள்விக்காக வெவ்வேறு நகரங்களில் நாய்கள் தனித்தனியே அறுக்கப்பட்டன. ஒருவர் அறிந்ததை இன்னொருவர் கவனமாகப் படித்திருந்தால் அவற்றில் சில தப்பித்திருக்கும்.

இதனால் பான்டிங்கின் பெருமை குறைந்துவிடாது. 1923இல் அவருக்கும் மெக்லியட்டுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. பான்டிங் தன் பணத்தில் பாதியை பெஸ்டுக்கும், மெக்லியட் பாதியை காலிப்புக்கும் கொடுத்தார்கள். காப்புரிமையை பான்டிங், பெஸ்ட், காலிப் மூவரும் தலா ஒரு டாலருக்குப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிக்கொடுத்தார்கள். பெருந்தன்மையான மனிதர்கள். இருந்தாலும் நல்ல நோக்கமும் நல்ல முடிவும், நடுவில் செய்யப்பட்ட ஒவ்வொரு சோதனையும் தேவைதான் என்பதற்குச் சான்றாகிவிடாது. விலங்குச் சோதனையை ஆதரிப்போர் இன்சுலினை உதாரணம் காட்டும்போது வழக்கமாக விட்டுவிடும் பகுதி இதுதான்.

பழுப்பு நிற நாயும் ஹென்றி டேலும்

ராபர்ட்ஸுக்குப் பதில் எழுதியவர் ஹென்றி டேல். பெரிய சாதனை ஒன்றை அதன் தொடக்கத்தில் நேர்ந்த பிழைகளைச் சொல்லிச் சிறுமைப்படுத்தக் கூடாது என்றார். டேல் 1922இல் பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் சார்பில் டொராண்டோ சென்று இன்சுலின் தயாரிப்பைக் கற்றுவந்தவர். இன்சுலின் யூனிட்டுக்குச் சர்வதேசத் தரம் வகுத்ததில் முன்னின்றவர். பின்னாளில் நோபல் பரிசும் பெற்றார். அவர் வாழ்க்கையின் தொடக்கத்திலும் ஒரு நாய் உண்டு.

1902 டிசம்பரில் இங்கிலாந்தின் லண்டனில் உடலியங்கியலாளர் எர்னஸ்ட் ஸ்டார்லிங் ஒரு பழுப்பு நிறத் தெரு நாயின் கணைய நாளத்தைக் கட்டினார். 1903 பிப்ரவரியில், மாணவர்கள் வருவதற்கு முன், அதே நாயின் வயிற்றைத் திறந்து பார்த்தார். பிறகு அவருடைய சக ஆய்வாளர் வில்லியம் பேலிஸ் மாணவர்கள் முன்னிலையில் அதே நாயை வைத்து வேறொரு செயல்விளக்கம் காட்டினார். முடிவில் அதன் கணையத்தை எடுத்து, அதைக் கொன்றவர் அப்போது இளம் ஆய்வாளராக இருந்த டேல். வகுப்பில் இருந்த இரண்டு ஸ்வீடன் நாட்டுப் பெண்கள், நாய்க்கு மயக்க மருந்து சரிவரக் கொடுக்கப்படவில்லை, ஒரே விலங்கை இரண்டு சோதனைகளுக்குப் பயன்படுத்தியது 1876ஆம் ஆண்டு விலங்கு வதைச் சட்டத்துக்கு விரோதம் என்று எழுதினார்கள். வழக்கு நீதிமன்றம் போனது. மயக்க மருந்து கொடுத்ததாகச் சொன்ன பேலிஸ் வென்றார். 2,000 பவுண்டு இழப்பீடும் பெற்றார்.

மக்கள் மன்றத்தில் விவகாரம் ஓயவில்லை. 1906இல் லண்டனின் பேட்டர்சி பகுதியில் அந்த நாய்க்குச் சிலை வைத்தார்கள். 1907இல் மருத்துவ மாணவர்கள் அதை எதிர்த்துத் தெருவில் கலகம் செய்தார்கள். சிலைக்கு இரவு பகலாகப் போலீஸ் காவல் போட வேண்டியிருந்தது. 1910இல் சிலை இரவோடு இரவாக அகற்றப்பட்டது. 1985இல் வேறொரு சிலை வைக்கப்பட்டது.

இந்தச் சம்பவத்தில் யாரை ஆதரிப்பது? பேலிஸும் ஸ்டார்லிங்கும் 1902இல் நாய்களைக் கொண்டுதான் செக்ரெட்டின் என்ற பொருளைக் கண்டறிந்தார்கள். ரத்தத்தின் வழியே ஓர் உறுப்பு இன்னோர் உறுப்புக்குச் செய்தி அனுப்புகிறது என்ற அறிவு அதிலிருந்து பிறந்தது; அதற்கு ஹார்மோன் என்று 1905இல் பெயரிட்டவர் ஸ்டார்லிங். இன்சுலின் வேட்டைக்கு அந்த அறிவே அடிப்படை. ஆய்வாளர்களின் பக்கம் பெரிய நியாயம் இருந்தது. அதே சமயம், வகுப்பறையில் செயல்விளக்கம் காட்ட ஒரு நாய் ஏன் சாக வேண்டும் என்று அந்தப் பெண்கள் கேட்டதும் நியாயமே. அந்தக் கேள்வியால் அறிவியல் நின்றுபோகவில்லை. இன்று பள்ளிக்கூடத்தில் எவரும் செயல்விளக்கத்துக்காக நாயை அறுப்பதில்லை. இந்தியக் கல்லூரிகளின் விலங்கியல் மேசைகளிலிருந்து தவளைகளும் விலகிவிட்டன. வெளியிலிருந்து கேட்கப்பட்ட கேள்விகளால்தான் இது நடந்தது.

இறைச்சிக்கூடத்திலிருந்து நுண்ணுயிருக்கு

இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்ட பின் அறுபதாண்டுகள் அது மாட்டிலிருந்தும் பன்றியிலிருந்தும்தான் வந்தது. சுமார் கால் கிலோ இன்சுலினுக்கு இரண்டு டன்னுக்கு மேல் பன்றிக் கணையம் தேவைப்பட்டது. மாட்டு இன்சுலின் மனித இன்சுலினிலிருந்து மூன்று அமினோ அமிலங்களிலும், பன்றி இன்சுலின் ஒன்றிலும் வேறுபடும். அந்தச் சிறு வேறுபாட்டால் சிலருக்கு ஒவ்வாமை வந்தது.

இந்தத் தளையை அறுத்தது வேதியியல். 1955 வாக்கில் ஃபிரடெரிக் சாங்கர் மாட்டு இன்சுலினின் 51 அமினோ அமிலங்களின் வரிசையை முழுதாகக் கண்டறிந்தார். ஒரு புரதத்துக்கு அப்படி வரிசை கண்டது அதுவே முதல்முறை. 1969இல் டோரதி ஹாட்ஜ்கின் அதன் முப்பரிமாண வடிவத்தைக் காட்டினார். 1978இல் கலிஃபோர்னியாவில் மனித இன்சுலினுக்கான மரபணுவை ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் வைத்து மருந்தை உருவாக்கினார்கள். 1982இல் அது விற்பனைக்கு அனுமதி பெற்றது. 2004இல் பெங்களூரின் பயோகான் நிறுவனம் ஈஸ்ட்டில் தயாரித்த மனித இன்சுலினைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. வீரியம் அளக்கும் வேலையும் முயலிடமிருந்து பெரும்பாலும் வேதிப் பகுப்புக் கருவிக்குப் போய்விட்டது. மாற்றுவழி கிடைத்தபோது மருந்தின் தரம் உயர்ந்தது, அளவும் பெருகியது. விலங்கைத் தவிர்த்தால் நோயாளிக்கு நஷ்டம் என்ற அச்சத்துக்கு இன்சுலினே நல்ல மறுமொழி.

ஆனால் புதிய மருந்துகளின் தொடக்கத்தில் விலங்கு இன்னும் நிற்கிறது. இன்று பலர் விழுங்கும் டாபாகிளிஃப்ளோசின் மாத்திரையின் வேர், ஆப்பிள் மரப்பட்டையில் கிடைக்கும் ஃப்ளோரிஸின் என்ற பொருளில் இருக்கிறது. அது சிறுநீரில் சர்க்கரையை வெளியேற்றுவதை 1886இல் நாய்களில் பார்த்தவர் அதே வான் மெரிங். ஓஸெம்பிக் வகை மருந்துகள் எந்த ஹார்மோனைப் போலச் செயல்படுகின்றனவோ, அந்த ஜிஎல்பி-1இன் தடயம், 1980களின் தொடக்கத்தில் பாஸ்டன் ஆய்வகத்தில் தூண்டில்மீன் என்ற கடல் மீனின் மரபணுவைப் படித்தபோது கிடைத்தது. அரிசோனா பாலைவனத்தின் கிலா பல்லியின் நஞ்சில் அதைப் போன்ற இன்னொரு பொருளை ஆய்வாளர் ஜான் எங் 1992இல் கண்டார். அதன் செயற்கை வடிவமே 2005இல் வந்த எக்ஸெனடைட்.

2025இல் வெளியான ஒரு மருத்துவ ஆய்வில், குருத்தணுக்களிலிருந்து ஆய்வகத்தில் வளர்த்த கணையச் செல்களை முழு அளவில் பெற்ற 12 பேரில் 10 பேர், ஓராண்டு கழித்து இன்சுலின் ஊசி இல்லாமல் இருந்தார்கள். அந்தச் செல்களை நோயாளிக்குச் செலுத்துவதற்கு முன் சர்க்கரை நோய் உண்டாக்கப்பட்ட எலிகளில் வைத்துப் பார்த்திருந்தார்கள். முழு உடலில் ஒரு மருந்து என்ன செய்யும் என்பதை இன்றும் எந்தக் கணினியாலும் முழுமையாகச் சொல்லிவிட முடியாது. 1937இல் அமெரிக்காவில் விலங்குகளில் சோதிக்காமல் விற்ற சல்ஃபா மருந்துக் கரைசல் ஒன்று நூறுக்கு மேற்பட்டோரைக் கொன்றது. அவர்களில் பலர் குழந்தைகள். அடுத்த ஆண்டே அங்கு மருந்துச் சட்டம் இறுகியது.

எலி சொல்வது எல்லாம் மனிதருக்குப் பொருந்தும் என்றும் சொல்ல முடியாது. ஜப்பானில் 1980இல் உருவான ஓர் எலி இனத்துக்கு, மனிதர்களின் முதல் வகை நீரிழிவு போன்ற நோய் தானாகவே வரும். அதில் நோயைத் தடுத்ததாக அறிவிக்கப்பட்ட வழிகள் நூறைத் தாண்டும். மனிதர்களில் பலித்தவை மிகச் சில. அந்த எலிகளில் பெண் எலிகளுக்கே நோய் அதிகம். மனிதர்களில் அப்படி இல்லை. எலியின் கணையத் திட்டில் செல்கள் அடுக்கப்பட்டிருக்கும் விதமும் வேறு. 2006இல் லண்டனில் ஆறு தன்னார்வலர்களுக்குக் கொடுத்த ஒரு புதிய மருந்து, குரங்குகளில் எந்தத் தீங்கும் செய்யாதது, அவர்களை உயிராபத்தில் தள்ளியது. பலிக்காத ஒவ்வொரு சோதனையிலும் விலங்கோடு சேர்ந்து நோயாளியின் காலமும் வீணாகிறது.

சட்டம் இருக்கிறது, கணக்கு எங்கே?

1959இல் வில்லியம் ரசல், ரெக்ஸ் பர்ச் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் மூன்று நெறிகளை வகுத்தார்கள். முடிந்த இடத்தில் விலங்குக்கு மாற்று தேட வேண்டும். முடியாத இடத்தில் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். பயன்படுத்தும் விலங்குகளின் துன்பத்தைத் தணிக்க வேண்டும். இன்று உலகெங்கும் ஆய்வக நெறிகளுக்கு அடிப்படை இவையே. காலிப் நாயை விட்டு முயலுக்கு மாறியதும், பான்டிங் இறைச்சிக்கூடத்துக்குப் போனதும், பாக்டீரியா அந்த வேலையை எடுத்துக்கொண்டதும் இந்த வழியில் வைத்த அடிகள்.

இந்தியாவில் இதற்கான சட்டத்தின் பின்னால் ஒரு தமிழ்நாட்டுப் பெண்மணி நிற்கிறார். கலாக்ஷேத்ரா ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையின் நியமன உறுப்பினராக இருந்தபோது, 1950களின் தொடக்கத்தில் விலங்கு வதைத் தடுப்புக்காகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அரசே சட்டம் கொண்டுவரும் என்று நேரு உறுதியளித்ததால் அதைத் திரும்பப் பெற்றார். 1960இல் சட்டம் வந்தது. 1962இல் அமைந்த விலங்கு நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். வாரியம் நெடுங்காலம் சென்னையிலிருந்து இயங்கியது.

அந்தச் சட்டம் அறிவு வளர்ச்சிக்காகச் செய்யப்படும் சோதனைகளைத் தடுக்கவில்லை. சிறிய விலங்கு போதுமான இடத்தில் பெரியதைத் தொடக் கூடாது, மயக்க மருந்து கொடுக்க வேண்டும், வெறும் கைப்பழக்கத்துக்காக விலங்கை அறுப்பதை இயன்றவரை தவிர்க்க வேண்டும் என்று வரம்பு கட்டியது. 1998 விதிகள் ஆய்வகங்களின் பதிவையும் மேற்பார்வையையும் இறுக்கின. இன்று சோதனைகளை நெறிக்குழுக்கள் பரிசீலித்து ஒப்புதல் தர வேண்டும். 2014இல் அழகுசாதனப் பொருள்களுக்கான விலங்குச் சோதனை தடை செய்யப்பட்டது. 2023 மார்ச்சில் புதிய மருந்து விதிகள் திருத்தப்பட்டு, மனிதச் செல்களைக் கொண்டு உருவாக்கப்படும் சில்லு போன்ற மாற்று முறைகளுக்கும் இடம் கிடைத்தது. அதற்குச் சில மாதங்கள் முன்பு அமெரிக்காவும் மருந்து அனுமதிக்கு விலங்குச் சோதனை கட்டாயம் என்ற பழைய நிபந்தனையை நீக்கியிருந்தது.

சட்டத்தின் எழுத்து நன்றாகவே இருக்கிறது. செயலில் மூன்று மாற்றங்கள் வேண்டும்.

முதலாவது, கணக்கு. பிரிட்டன் எத்தனை சோதனைகள், எந்த விலங்குகளில், எவ்வளவு துன்பத்துடன் என்று ஆண்டுதோறும் வெளியிடுகிறது; 2023இல் அந்த எண்ணிக்கை சுமார் 26.8 லட்சம். வெளியிட்டதால் அங்கு மருத்துவ ஆராய்ச்சி நின்றுவிடவில்லை. இந்தியாவிலும் அப்படியொரு பட்டியல் நிறுவனவாரியாக, எளிய மொழியில், எவரும் பார்க்கும் இடத்தில் இருக்க வேண்டும்.

இரண்டாவது, சோதனைக்கு முன் படிப்பு. இதே கேள்விக்கு வேறெவரும் விடை கண்டிருக்கிறார்களா, பலிக்காமல் போன முயற்சிகள் என்ன சொல்கின்றன என்பதைத் தொகுத்துக் காட்டாத எந்த விண்ணப்பத்துக்கும் நெறிக்குழு ஒப்புதல் தரக் கூடாது. தோற்றுப்போன விலங்குச் சோதனைகளையும் வெளியிடுவது கட்டாயமாக வேண்டும். வெளிவராத தோல்வியை அடுத்த ஆய்வகம் மறுபடி செய்யும். விலங்குகள் மறுபடி சாகும். 1921இல் நூலகத்தைத் தேடிப் படிப்பது கடினமாக இருந்தது என்று பான்டிங்குக்காகச் சொல்லலாம். கைப்பேசியில் உலகத்து ஆய்விதழ்கள் கிடைக்கும் காலத்தில் அந்தச் சமாதானம் எடுபடாது.

மூன்றாவது, பணம். மாற்று முறைகளுக்கு விதியில் இடம் கொடுத்தால் மட்டும் போதாது. மனிதச் செல்லில் வளரும் கணையத் திட்டுகள், சில்லு உறுப்புகள், கணினி மாதிரிகள் ஆகியவற்றுக்குத் தனி நிதி ஒதுக்க வேண்டும். சர்க்கரை நோயாளிகள் 10 கோடியைத் தாண்டிய நாட்டுக்கு, தன் மக்களின் செல்களிலிருந்தே நோயைப் படிக்கும் ஆய்வு யாரையும்விட அதிகமாக வேண்டும். எலியில் பலித்து மனிதரில் தோற்கும் மருந்துகளால் அதிகம் இழக்கப்போவதும் இந்த நாடுதான்.

இதற்கெல்லாம் இன்சுலின் போட்டுக்கொள்வோர் குற்றவுணர்வு கொள்ளத் தேவையில்லை. அவர்கள் போடும் மருந்து இன்று நுண்ணுயிரில் விளைகிறது. பொறுப்பு, சோதனைக்கு ஒப்புதல் அளிக்கும் குழுக்களுக்கும், நிதி கொடுக்கும் அரசுக்கும், ஆய்வு செய்யும் நிறுவனங்களுக்கும் உரியது. ஒன்றிய அரசு அடுத்த ஆண்டிலிருந்தே விலங்குச் சோதனைகளின் முழுக் கணக்கை மக்கள் முன் வைக்கத் தொடங்கட்டும். அதைக் கேட்டு நாடாளுமன்றத்தில் குரல் எழுப்பும் கடமை, ருக்மிணி தேவியின் தமிழ்நாட்டைச் சேர்ந்த இன்றைய உறுப்பினர்களுக்கு இருக்கிறது.